'கிடைக்கவில்லை' என்பதும் ஒரு தகவல்தான்

மூன்றாம் படிவத்தை முடித்து நான்காம் படிவத்துக்குப் போகும் மாணவர்களிடம் ஆண்டுதோறும் எழும் கேள்வி ஒன்று உண்டு. "கூடுதல் கணிதம் எதற்கு? வாழ்க்கையில் அது எங்கே பயன்படப் போகிறது?" கேள்வியில் தவறே இல்லை. பயன் தெரியாத சுமையைத் தூக்க யாருக்கும் மனம் வராது. அதற்குப் பெரியவர்கள் சொல்லும் பதிலில்தான் எனக்கு உடன்பாடில்லை. "எஸ்பிஎம் தேர்வில் ஏ கிடைத்தால் நல்ல இடம் கிடைக்கும்" என்பதோடு நாம் நிறுத்திக்கொள்கிறோம். அது பயனைப் பற்றிய பதில் இல்லை, பரிசைப் பற்றிய பதில்.

நான் வேறொரு பதிலைச் சொல்ல விரும்புகிறேன். ஜொகூரில் வாழும் நமக்கு அந்தப் பதில் வெகு அருகில், தண்ணீருக்கு அடியில் இருக்கிறது.

ஜொகூர் மூன்று பக்கம் கடல் சூழ்ந்த மாநிலம். தெற்கே தெப்ராவ் நீரிணை, மேற்கே மலாக்கா நீரிணை, கிழக்கே தென்சீனக் கடல். பாசீர் கூடாங், தஞ்சோங் பெலெப்பாஸ் ஆகிய இரண்டு பெரிய துறைமுகங்களும் நம்முடையவை. கப்பல் போகும் பாதையில் மூழ்கிக் கிடக்கும் இரும்பு, அறுந்து விழுந்த நங்கூரம், தவறி விழுந்த கொள்கலன், போர்க்காலக் குண்டு என எதுவாக இருந்தாலும் கண்டறியப்பட வேண்டும். 1942 ஜனவரி 27 அன்று எண்டாவ் கடற்பகுதியில் நடந்த சண்டையில் எச்எம்எஸ் தானெட் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் மூழ்கியது. அதற்கு ஏறத்தாழ ஏழு வாரம் முன்னர், 1941 டிசம்பர் 10 அன்று, குவாந்தானுக்கு அப்பால் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிபல்ஸ் என்ற இரண்டு பெரும் கப்பல்கள் 800-க்கும் மேற்பட்ட உயிர்களோடு மூழ்கின. இந்தக் கப்பல்களை உடைத்து இரும்பைத் திருடியதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு சீனக் கப்பலை, 2023 மே மாதம் நமது ஜொகூரின் கிழக்குக் கடலில்தான் மலேசியக் கடல்சார் அமலாக்க முகமை தடுத்து வைத்தது.

ஆகவே, கடலடியில் என்ன கிடக்கிறது என்பதை அறிவது வெறும் ஆர்வத்துக்கான வேலை அல்ல. பாதுகாப்பு, வாணிகம், வரலாறு, இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை ஆகிய நான்கும் அதில் அடங்கியுள்ளன.

எதிரொலியும் நிழலும்

கலங்கிய நீருக்குள் ஒளி அதிக தூரம் போகாது. ஒலி போகும். கடல்நீரில் ஒலி ஒரு வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர் பயணம் செய்கிறது. சோனார் கருவி ஓர் ஒலியை அனுப்புகிறது. அது கடலடியில் பட்டுத் திரும்பி வர 0.1 வினாடி ஆனால், போய்வந்த தூரம் 150 மீட்டர். எனவே ஆழம் 75 மீட்டர். இதுவரை தொடக்கப்பள்ளிக் கணக்குதான்.

பக்கவாட்டுச் சோனார் இன்னும் ஒரு படி மேலே போகும். படகின் பின்னால் நீருக்குள் இழுத்துச் செல்லப்படும் அந்தக் கருவி இரு பக்கமும் ஒலியை வீசி, கடலடியைப் படமாக வரைகிறது. எழுந்து நிற்கும் பொருளுக்குப் பின்னால் ஒலி படாத இடம் நிழலாகத் தெரியும். கருவி தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நிழலின் முனை கருவிக்கு நேர்க்கீழே உள்ள இடத்திலிருந்து 50 மீட்டர் தள்ளி இருக்கிறது, நிழலின் நீளம் 5 மீட்டர் என்றால், பொருளின் உயரம் 1 மீட்டர். வடிவொத்த முக்கோணங்கள் தெரிந்த மாணவர் எவரும் இதைப் போட்டுப் பார்க்கலாம்.

ஆனால், அந்தப் படத்தில் தெரியும் கறுப்புப் புள்ளி கப்பல் துண்டா, பாறையா, மீன்கூட்டமா, அல்லது வெறும் இரைச்சலா? இங்குதான் வடிவியல் முடிந்து புள்ளியியல் தொடங்குகிறது.

நம் கடலின் இரைச்சல்

இரைச்சலை எப்படிக் கையாள்வது? பொதுவான வழி, அது இயல்புப் பரவலைப் பின்பற்றுகிறது என்று வைத்துக்கொள்வது. ஐந்தாம் படிவக் கூடுதல் கணிதத்தில் தாபுரான் நோர்மல் என்று நீங்கள் படிக்கும் அந்த மணி வடிவ வளைகோடுதான் இது. சராசரியிலிருந்து மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் போகும் அளவு 1,000-த்தில் சுமார் 3 முறைதான் வரும். எனவே, அந்த எல்லையைத் தாண்டி ஏதாவது கேட்டால், "இது இரைச்சலாக இருக்க வாய்ப்புக் குறைவு. அங்கே ஏதோ இருக்கிறது" என்று கருவி சொல்லும்.

நமது வட்டாரக் கடலில் இந்தக் கணக்கு சறுக்குகிறது. காரணம், விரல் அளவே உள்ள ஓர் இறால். சூடான, ஆழம் குறைந்த நீரில் வாழும் இந்தச் சொடுக்கு இறால் தன் பெரிய கொடுக்கைப் படீரென்று மூடும். அப்போது நீர் பீய்ச்சியடித்து ஒரு குமிழி உருவாகி உடைகிறது. கொடுக்குகள் மோதுவதால் அல்ல, குமிழி உடைவதால்தான் அந்தச் சத்தம் பிறக்கிறது என்பது 2000-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில் உறுதியானது. ஆயிரக்கணக்கான இறால்கள் சேர்ந்து சொடுக்கும்போது, எண்ணெயில் கடுகு வெடிப்பதைப் போன்ற ஓசை கடல் முழுதும் நிறைகிறது.

இந்த ஓசை மணி வடிவ வளைகோட்டுக்குள் அடங்குவதில்லை. மிகப் பெரிய அளவுகள் அதில் அடிக்கடி வருகின்றன. நீரிணைக்கு அக்கரையில் உள்ள சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ஒலியியல் ஆய்வுக்கூடத்தில் மந்தார் சித்ரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் இதைப் பல ஆண்டுகளாக ஆராய்ந்திருக்கிறார்கள். இயல்புப் பரவலை விட்டு, கனமான வால் கொண்ட வேறொரு பரவலை எடுத்துக்கொண்டால் இந்த வட்டாரக் கடலின் இரைச்சல் நன்கு பொருந்துகிறது என்றும், அதற்கேற்ப அமைத்த கண்டறியும் முறைகள் சிறப்பாக வேலை செய்கின்றன என்றும் அவர்கள் காட்டினார்கள்.

இதன் அடிப்படையைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கு போதும். ஐந்து அளவீடுகள்: 4, 5, 5, 6, 80. கடைசியில் உள்ளது ஓர் இறாலின் சொடுக்கு என்று வைத்துக்கொள்வோம். சராசரி 20. ஆனால் அந்த ஐந்தில் எதுவும் 20-க்கு அருகில்கூட இல்லை. இடைநிலையோ 5. அது அசையவே இல்லை. சராசரிக்கும் இடைநிலைக்கும் உள்ள வேறுபாட்டைத் தேர்வுத்தாளில் இரண்டு மதிப்பெண்ணுக்காக எழுதுகிறோம். கடலில் அதே வேறுபாடு, பொருள் இருக்கிறதா இல்லையா என்பதைத் தீர்மானிக்கிறது.

அதே ஆய்வுக்கூடம் இன்னொன்றையும் செய்தது. தொல்லை என்று எல்லாரும் ஒதுக்கிய இறால் ஓசையையே விளக்கொளி போலப் பயன்படுத்தி, அது பொருள்கள் மீது பட்டுச் சிதறுவதைக் கொண்டு நீருக்கடியில் படம் பிடிக்கும் ரோமானிஸ் என்ற கருவியை உருவாக்கியது. கருவி எந்த ஒலியையும் அனுப்பவில்லை. வெறுமனே கேட்டது. ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எழுதப்பட்ட பாடநூலில் நமது கடலுக்கான விடை எப்போதும் இருக்காது. நம் கடலை நாம்தான் அளந்து பார்க்க வேண்டும்.

பொய் எச்சரிக்கையின் விலை

கண்டறியும் முறை எதுவாயினும் இரண்டு வகைத் தவறுகள் உண்டு. ஒன்று, இருப்பதைத் தவறவிடுவது. மற்றது, இல்லாததை இருப்பதாகச் சொல்வது. ஒன்றைக் குறைத்தால் மற்றது கூடும். இரண்டையும் ஒரே நேரத்தில் பூச்சியமாக்க முடியாது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். கடலடிப் படத்தை 10,000 கட்டங்களாகப் பிரிக்கிறோம். அவற்றில் 10-இல் மட்டுமே உண்மையான பொருள் இருக்கிறது. நம்மிடம் உள்ள மென்பொருள் பத்துக்கு ஒன்பது பொருளைப் பிடித்துவிடும். வெறும் கட்டத்தைப் பார்த்து 'இருக்கிறது' என்று சொல்வது நூற்றில் ஒரு முறைதான். கேட்பதற்கு மிக நல்ல மென்பொருள். ஆனால் அது எழுப்பும் எச்சரிக்கைகளை எண்ணுங்கள். உண்மையானவை 9. பொய்யானவை, 9,990-இல் நூற்றுக்கு ஒன்று, சுமார் 100. மொத்தம் 109 எச்சரிக்கையில் உண்மை 9 மட்டுமே. நூற்றுக்குச் சுமார் எட்டுதான் தேறும்.

அதே 109 கட்டங்களை வேறு திசையிலிருந்து இன்னொரு முறை பார்த்தால்? உண்மையானவற்றில் 8 தங்கும். பொய்யானவற்றில் ஒன்று மட்டுமே மிஞ்சும். இப்போது ஒன்பதுக்கு எட்டு சரி. ஆனால் 'வேறு திசை' என்ற சொல்லைக் கவனியுங்கள். அதே திசையிலிருந்து பார்த்தால் அதே பாறை அதே நிழலைத்தான் காட்டும். இரண்டாவது சாட்சி முதல் சாட்சியைப் பார்த்து எழுதக் கூடாது. நிகழ்தகவுப் பாடத்தில் 'சார்பற்ற நிகழ்ச்சிகள்' என்று நாம் மனப்பாடம் செய்வதன் பொருள் இதுதான்.

கிடைக்காதபோது என்ன செய்வது?

தாமஸ் பேய்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார் 1761-இல் காலமானார். அவர் எழுதிவைத்திருந்த கட்டுரை 1763-இல் வெளியானது. புதிய தகவல் வரும்போது நமது பழைய நம்பிக்கையை எந்த அளவுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதைக் கணக்காகச் சொன்ன கட்டுரை அது. கடலடித் தேடலின் முதுகெலும்பு இன்று அதுதான்.

கடலை ஏ, பி, சி என மூன்று பகுதிகளாகப் பிரிப்போம். பொருள் ஏ-இல் இருக்க 50 விழுக்காடு, பி-இல் 30, சி-இல் 20 விழுக்காடு வாய்ப்பு. நமது சோனார் பொருள் இருந்தால் 80 விழுக்காடு கண்டுபிடிக்கும். ஏ-ஐத் தேடுகிறோம். கிடைக்கவில்லை. 'வீண் வேலை' என்று சொல்வீர்களா? இல்லை. ஏ-இல் இருந்தும் தவறவிட்டிருக்க வாய்ப்பு 50-இல் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10. பி, சி அப்படியே 30, 20. மொத்தம் 60. இப்போது புதிய வாய்ப்பு: ஏ சுமார் 17 விழுக்காடு, பி 50, சி 33.

அடுத்து பி-ஐத் தேடுகிறோம். அங்கும் இல்லை. மீண்டும் கணக்கிட்டால் சி சுமார் 56, ஏ 28, பி 17 விழுக்காடு. ஏ-ஐக் கவனித்தீர்களா? நாம் அதை மீண்டும் தொடவே இல்லை. ஆனாலும் அதன் வாய்ப்பு 17-இலிருந்து 28-ஆக உயர்ந்துவிட்டது. ஒருமுறை தேடிவிட்ட இடம் என்பதற்காக அதை நிரந்தரமாக மறந்துவிடக் கூடாது என்று கணக்கே நமக்குச் சொல்கிறது.

இது வகுப்பறைக் கணக்கு மட்டும் அல்ல. 2009 ஜூன் 1 அன்று ஏர் பிரான்ஸ் 447 விமானம் 228 பேருடன் அட்லாண்டிக் பெருங்கடலில் விழுந்தது. கறுப்புப் பெட்டிகளின் ஒலிச்சமிக்ஞையைக் கப்பல்கள் கடைசியாக அறியப்பட்ட இடத்தைச் சுற்றிலும் தேடின. எதுவும் கேட்கவில்லை. எனவே அங்கே இல்லை என்று கருதி வேறு இடங்களில் தேடினார்கள். இரண்டு ஆண்டுகள் ஓடின. பிறகு மெட்ரோன் என்ற நிறுவனத்தின் புள்ளியியலாளர்கள் எல்லாத் தகவலையும் பேய்ஸ் முறையில் மீண்டும் கணக்கிட்டார்கள். சமிக்ஞை அனுப்பும் இரண்டு கருவிகளும் விபத்தில் பழுதாகியிருந்தால்? அந்த வாய்ப்பையும் சேர்த்ததும், 'தேடி முடித்த' பகுதியே வாய்ப்பு மிகுந்த பகுதியாக எழுந்தது. 2011-இல் புதிய தேடல் தொடங்கிய ஏறத்தாழ ஒரு வாரத்தில், ஏப்ரல் தொடக்கத்தில், சுமார் 3,900 மீட்டர் ஆழத்தில் சிதைவுகள் சிக்கின. கேட்காமல் போன ஒலிக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற ஒரே கேள்வியில்தான் அந்த இரண்டு ஆண்டுகளும் அடங்கியிருந்தன.

சென்னையிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 2016 ஜூலை 22 அன்று தாம்பரத்திலிருந்து போர்ட் பிளேருக்குப் புறப்பட்ட இந்திய விமானப்படையின் ஏஎன்-32 விமானம் 29 பேருடன் வங்கக் கடலில் காணாமல் போனது. ஏழாண்டுகளுக்குப் பிறகு, சென்னையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தின் ஆளில்லா நீர்மூழ்கி, சோனார் உதவியுடன் சுமார் 3,400 மீட்டர் ஆழத்தில் விமானச் சிதைவுகளைப் படமெடுத்தது. 2024 ஜனவரியில் அது அறிவிக்கப்பட்டது. படங்கள் ஏஎன்-32 விமானத்துக்குப் பொருந்துகின்றன என்பது ஒரு சான்று. அந்தப் பகுதியில் வேறு எந்த விமானமும் காணாமல் போனதாகப் பதிவு இல்லை என்பது இன்னொரு சான்று. இரண்டையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வந்தார்கள். இதுவும் பேய்ஸ் வழிச் சிந்தனைதான்.

நம் நாட்டின் ஆறாத காயம்

எம்எச்370 பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை ஒரு மலேசியர் எழுத முடியாது. 2014 மார்ச் 8 அன்று கோலாலம்பூரிலிருந்து பெய்ஜிங்குக்குப் புறப்பட்ட அந்த விமானத்தில் 239 பேர் இருந்தனர். துணைக்கோளுடன் அது பரிமாறிய சில சமிக்ஞைகளைக் கொண்டு, ஆஸ்திரேலியத் தற்காப்பு அறிவியலாளர்கள் பேய்ஸ் முறையில் விமானத்தின் சாத்தியமான பாதைகளைக் கணக்கிட்டார்கள். அந்த வரைபடத்தை வைத்து இந்தியப் பெருங்கடலில் 120,000 சதுர கிலோமீட்டர் சோனாரால் துழாவப்பட்டது. 2017 ஜனவரியில் அது நிறுத்தப்பட்டது. 2018-இல் ஓஷன் இன்ஃபினிட்டி நிறுவனம் மேலும் 112,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் தேடியது. 2025 மார்ச்சில், 'கிடைத்தால்தான் கட்டணம்' என்ற அடிப்படையில் 15,000 சதுர கிலோமீட்டரில் தேட அந்நிறுவனத்துடன் மலேசிய அரசு மீண்டும் ஒப்பந்தம் செய்தது.

"இவ்வளவு பணம், இவ்வளவு கருவி, ஒன்றும் கிடைக்கவில்லையே, கணிதம் தோற்றுவிட்டதே" என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தத் தேடலின்போது 19-ஆம் நூற்றாண்டுக் கப்பல்களின் சிதைவுகள் சோனாரில் தெரிந்தன. அவ்வளவு ஆழத்தில் அவ்வளவு பழைய கப்பலைக் காட்டிய கருவி, விமானம் அங்கே இருந்திருந்தால் அதையும் காட்டியிருக்கும் வாய்ப்பு மிகுதி. ஆகவே, தேடிய பகுதியில் இல்லை என்பதே வலுவான தகவல். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவில் ஒதுங்கிய இறக்கைத் துண்டு, கடல் நீரோட்டக் கணிப்புகள், இந்த 'இல்லை' ஆகிய மூன்றும் சேர்ந்தே அடுத்து எங்கே தேடுவது என்பதை முடிவு செய்கின்றன.

இதன் மறுபக்கமும் உண்டு. "விமானத்தைக் கண்டுபிடித்துவிட்டேன்" என்று துணைக்கோள் படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளியை வட்டமிட்டுக் காட்டும் காணொளிகள் இன்றும் கைப்பேசிகளில் சுற்றுகின்றன. அவற்றைப் பகிர்பவர்கள் ஒரு கேள்வியைக் கேட்பதில்லை: இதே போன்ற புள்ளி, விமானம் இல்லாத இடங்களில் எத்தனை முறை தெரியும்? அந்த 109 எச்சரிக்கைக் கணக்கைப் போட்டுப் பார்த்த மாணவர் அந்தக் கேள்வியைக் கேட்பார். காத்திருக்கும் குடும்பங்களுக்கு ஒவ்வொரு பொய் எச்சரிக்கையும் ஒரு புதிய வலி. அந்த வலியில் நம் பங்கு சேராமல் பார்த்துக்கொள்ளவாவது புள்ளியியல் வேண்டும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள்

இந்தக் கட்டுரையில் நான் பயன்படுத்திய கணிதத்தைத் திரும்பிப் பாருங்கள். சராசரி, இடைநிலை, திட்ட விலக்கம், இயல்புப் பரவல், சார்பற்ற நிகழ்ச்சிகள், வாய்ப்பைத் திருத்துதல். இவற்றில் பெரும்பாலானவை நான்காம், ஐந்தாம் படிவப் பாடநூல்களில் இருக்கின்றன. எஞ்சியது எஸ்டிபிஎம், மெட்ரிகுலேஷன் வகுப்புகளிலும் பல்கலைக்கழக முதலாண்டிலும் வந்துவிடும். பாடம் கையில் இருக்கிறது. அது எதற்கு என்பதை மட்டும்தான் நாம் சொல்லத் தவறிவிடுகிறோம்.

கடலடி அளவை படிக்க வெளிநாடு போகத்தான் வேண்டும் என்பதும் இல்லை. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் நில அளவையோடு கடலடி அளவையும் கற்பிக்கிறார்கள். துறைமுகங்கள், கடற்படை, எண்ணெய் எரிவாயுத் துறை, கடலடி இணையக் கம்பிவடம் பதிக்கும் நிறுவனங்கள் என இந்த அறிவைத் தேடும் இடங்கள் பல. மருத்துவம், சட்டம், பொறியியல் என்று மூன்றே கதவுகளைத் தட்டிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகளுக்கு, நான்காவது கதவு நீருக்கடியில் இருப்பது தெரியட்டும்.

கணித ஆசிரியர்களையும் கேட்டுக்கொள்கிறேன். நிகழ்தகவு என்றால் பையிலிருந்து சிவப்புப் பந்தை எடுப்பது மட்டும் அல்ல. ஒரு தாளில் நூறு கட்டம் வரைந்து, ஒரு கட்டத்தில் 'கப்பலை' ஒளித்துவைத்து, ஐந்து முறைக்கு நான்கு முறை மட்டுமே உண்மை சொல்லும் சோனாராக ஒரு மாணவரை நிற்க வையுங்கள். ஒவ்வொரு தேடலுக்குப் பிறகும் வகுப்பே சேர்ந்து வாய்ப்புகளைத் திருத்தட்டும். ஒரு பாட நேரம் போதும். செலவு ஒரு தாள்.

பெற்றோருக்கு ஒரு சொல். கூடுதல் கணிதத்தில் முதல் தேர்வில் பிள்ளை குறைந்த மதிப்பெண் வாங்கினால் உடனே அந்தப் பாடத்தை விட்டுவிடச் சொல்லாதீர்கள். ஒரு தேர்வு ஓர் அளவீடுதான். அதைக் கேட்டு உங்கள் கணிப்பைக் கொஞ்சம் திருத்திக்கொள்ளுங்கள், முழுதாக மாற்றிவிடாதீர்கள். 447-ஆம் விமானம் கிடந்ததும் முதல் தேடலில் எதுவும் கேட்காத கடலில்தான்.